ஆறாம் நாள் முட்டை

செவ்வாய்தோறும் ஷ்டோட்ஸ் வருவார்,
வைக்கோல் ஒட்டிய வேனில்.
மலைப்பண்ணை முட்டைகள் நான்கு தட்டு.
"இதில் ஒன்றையாவது பொரித்துத் தின்றீர்களா?"
நாலு வருடமாக அதே கேள்வி.
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வேன்.

ஆறாம் நாள் ஓட்டைத் திறந்தால்
உள்ளே ஏறக்குறையக் கண் மட்டும்தான்.
உடம்பு என்று பேருக்கு ஒரு வளைவு.
இவ்வளவு பெரிய கண்ணை வைத்துக்கொண்டு
இன்னும் ஒன்றையும் பார்க்காத உயிர்.

விழித்திரையைக் கீற்றுக் கீற்றாக நறுக்குவேன்.
கண்ணாடித் தகட்டில் கோடுகள் தயார்:
நடுமூளைக் கூரையின் முன்பக்கத்துச் சவ்வு ஒரு பட்டை,
பின்பக்கத்துச் சவ்வு ஒரு பட்டை,
மாற்றி மாற்றி,
ஒவ்வொன்றும் ஒரு தலைமுடி அகலம்.
மேலே குறுக்காகக் கீற்றை வைத்து மூடி
வெதுவெதுப்பில் விட்டுவிட்டு
கடைசிப் பேருந்தைத் தவறவிடுவேன்.

அப்புறம் நிமிடத்துக்கு ஒரு படம்.

இழை வெளியே வருகிறது.
நுனியில் ஒரு கை,
விரல்களுக்குத்தான் கணக்கில்லை.
நீட்டும், மடக்கும், துழாவும்,
பூட்டிய கதவுக்கு முன்னால் நின்று
பைக்குள் சாவி தேடுகிறவளைப் போல.
நெற்றிப்பொட்டுப் பக்கத்திலிருந்து கிளம்பிய இழை
முன்பட்டையின்மேல் நூல் பிடித்தாற்போல் போகிறது.
அடுத்த பட்டையில் ஒரு விரல் படவேண்டியதுதான்,
தொட்டாற்சிணுங்கி.
கை மொத்தமும் சுருங்கி ஒரு புள்ளி.
நெடுநேரம் அசைவில்லை.
பிறகு
அந்தப் பக்கம் ஒன்று இருப்பதே தெரியாததுபோல்
நேராகப் போகும்.

மூக்குப்பக்கத்து இழைகளுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை.
எந்தப் பட்டையானாலும் ஏறி நடக்கும்.

"அதுக்கு வீடு தெரிகிறது, பாருங்கள்"
என்றான் ரூப்ரெஷ்ட், ஆராய்ச்சி மாணவன்.
அவனுக்குக் கண் கலங்கியே விட்டது.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.
திரையைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது:
முன்பட்டைமேல் அப்படி ஓர் ஆசை.

பிப்ரவரியில் ஹேகெலெ அம்மையார்
ரொட்டியை மென்றுகொண்டே சொன்னார்:
"பின்பக்கத்துச் சவ்வை மட்டும் சூடாக்கிப் பாருங்கள்."

சூடாக்கினோம்.
மறுநாள் பட்டையாவது ஒன்றாவது.
இழைகள் கண்டபடி கிடந்தன,
சீவாத தலைபோல.
முன்பட்டை அங்கேயேதான் இருந்தது,
அதே சவ்வு, அதே அகலம்.
அதைத் தேடி ஒன்றும் திரும்பவில்லை.

ரூப்ரெஷ்ட் நாற்காலியை விட்டு எழவில்லை.
"அப்படியானால் அதுக்கு முன்பட்டை பிடிக்கவே இல்லையா?"
"பிடித்தது என்று யார் சொன்னார்கள்?"
என்றார் அம்மையார்,
மேசைக்கடியில் மழைச்செருப்பைத் தேடிக்கொண்டு.

டூபிங்கனில் நெக்கர் ஆற்றுக்கு இறங்கும் சந்துகளில்
ஒன்றில் மட்டும் நான் கால் வைப்பதில்லை.
ஒன்பதாம் எண் வீட்டில்
ஒரு மார்ச் மாதம்
ஒரு சாவியைத் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.
அதிலிருந்து ஆற்றுத் தீவைச் சுற்றி,
பிளாட்டன் மரங்களுக்கு நடுவே, இருபது நிமிடம் கூடுதல்.
உனக்குத்தான் இந்த மரங்கள்மேல் எவ்வளவு பிரியம்
என்பார்கள் கூட வருகிறவர்கள்.
ஆமாம் என்பேன்.
பிறந்தநாளுக்கு அந்த மரங்களின் படத்தைச் சட்டமிட்டுக்
கொடுத்தவர்கள்கூட உண்டு. சுவரில் மாட்டியிருக்கிறேன்.

அன்றிரவு சந்தின் முனைவரை போனேன்.
மேலே ஒரு சன்னலில் யாரோ பாத்திரம் கழுவினார்கள்.
பைக்குள் இருந்த விரல்கள்
எனக்கு முன்னால் மடங்கிக்கொண்டன.
எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது.
படம் பிடிக்க ஆளில்லை.

தீவு வழியாகவே வீட்டுக்குப் போனேன்.
பாலத்து விளக்கில்
மரங்கள் பட்டை பட்டையாக உரிந்து நின்றன.
அழகா என்று பார்த்தேன்.
சுமாராகத்தான் இருந்தன.

செவ்வாய்க்கிழமை
ஷ்டோட்ஸ் கேட்பதற்கு முன்பே
தட்டிலிருந்து இரண்டு முட்டைகளை எடுத்து
மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.
மனிதர் சிரிப்பதற்கே மறந்துபோனார்.